மைசூரில் முதல் ஆண்டு: அறை எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும், பேச்சு மாறாது. அந்தக் கரையில் தமிழ்நாட்டின் கொளத்தூர், மேட்டூர். இந்தக் கரையில் கர்நாடகத்தின் கோபிநத்தம், மார்ட்டள்ளி என்று வீட்டுக்குள் தமிழும் பள்ளிக்கூடத்தில் கன்னடமும் பேசும் ஊர்கள். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரியும்வரை கொள்ளேகால் வட்டாரம் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகர் மாறினாலும், மேல்படிப்பு என்றால் இந்தப் பகுதிக் குடும்பங்களின் கண் இன்றும் முதலில் மைசூரைத்தான் தேடுகிறது.

மாதேஸ்வரன் மலையிலிருந்து மைசூருக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பாலாறு மலைக்கும் கீழே, இன்னும் தள்ளி இருக்கிறது. மலைப்பாதை, காட்டுச் சாலை, கொள்ளேகால், அதன்பின் நெடுஞ்சாலை என்று போக வேண்டிய தூரம். தினமும் போய்வர முடியாது. கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே தங்க இடம் தேடும் வேலையும் தொடங்கிவிடுகிறது.

‘மாசம் எவ்வளவு?’ என்றுதான் எல்லாக் குடும்பங்களும் முதலில் கேட்கின்றன. ஆனால் முதலாண்டு மாணவரின் வீட்டை உண்மையில் நெருக்குவது சேரும் மாதத்தில் ஒரே மூச்சில் எடுத்து வைக்க வேண்டிய தொகை. கல்லூரிக் கட்டணம் கட்டிய கையோடு அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், முதல் வாடகை, மெத்தை, பக்கெட் என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். பின்னால் வரும் மாதங்களைச் சமாளித்துவிடும் குடும்பம்கூட இந்த முதல் மாதத்துக்காக வட்டிக்கு வாங்குகிறது. அந்தத் தொகையைக் குறைக்கும் வழிகளே இந்த அத்தியாயத்தில் முதன்மையாகச் சொல்லப்படுகின்றன.

வாடகைக்கு முன் விடுதி

வெளியில் அறை தேடுவதற்கு முன், அரசு விடுதிக்கு விண்ணப்பிப்பது கட்டாயம். இடம் கிடைக்காது என்று தெரிந்தாலும் விண்ணப்பிக்க வேண்டும். காரணம் இருக்கிறது.

கர்நாடகத்தில் சமூக நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, சிறுபான்மையினர் நலத்துறை ஆகியவை கல்லூரி மாணவர்களுக்குத் தனித்தனியே விடுதிகள் நடத்துகின்றன. விண்ணப்பம் மாநில விடுதி இணையதளமான எஸ்.எச்.பி. வழியாகப் போகிறது. இடம் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் இலவசம். இடம் கிடைக்காத பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு ‘வித்யாசிரி’ என்ற உதவித் திட்டம் உண்டு. மாதம் 1,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு, ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று வகுக்கப்பட்ட திட்டம் இது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் உரிய பணம் நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. விடுதி கேட்டும் கிடைக்காதவர்களுக்கான உதவி என்பதால், விடுதிக்கே விண்ணப்பிக்காதவர் இதைக் கேட்பது கடினம். அந்த ஆண்டுக்கான தொகை, வருமான வரம்பு, கடைசித் தேதி மூன்றையும் மாநில உதவித்தொகை இணையதளமான எஸ்.எஸ்.பி.யில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பணம் ஆண்டின் நடுவிலோ கடைசியிலோ வரலாம். எனவே முதல் மாதச் செலவுக்கு இதை நம்பியிருக்கக் கூடாது.

பாலத்தின் எந்தக் கரை என்பது இங்கேதான் முக்கியமாகிறது. கோபிநத்தத்துப் பெண் கர்நாடக முகவரி கொண்டவர். மேற்சொன்ன திட்டங்களுக்குத் தகுதி உள்ளவர். பாலத்தின் மறுகரையில் கொளத்தூர்ப் பக்கத்திலிருந்து அதே கல்லூரிக்கு வரும் பெண் தமிழ்நாட்டுக்காரர்; அவருக்கு இவை பொருந்தா. அவர் சேலம், மேட்டூர்க் கல்லூரிகளையும் தமிழ்நாட்டு அரசு விடுதிகளையும் முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது. அப்படியும் மைசூர்தான் என்றால், கர்நாடக உதவி எதுவும் வராது என்று வைத்தே கணக்குப் போட வேண்டும்.

அரசைத் தாண்டி மடங்களும் சமூகச் சங்கங்களும் தேவாலயங்களும் நடத்தும் விடுதிகள் மைசூரில் ஏராளம். இந்த ஊருக்கு அப்படி ஒரு மரபு உண்டு. வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் சாப்பிட்டுப் படிக்கும் ‘வாரான்னம்’ ஏழை மாணவர்கள் பலரைப் பட்டதாரிகளாக்கியது. 1920-களில் மகாராஜா கல்லூரியில் படித்த கன்னடக் கவிஞர் குவெம்பு, மைசூர் ராமகிருஷ்ண ஆசிரமத்தில் தங்கி வளர்ந்தவர். பின்னாளில் மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவே ஆனார். சுத்தூர் மடத்தின் சிவராத்ரி ராஜேந்திர சுவாமிகள் கிராமத்து மாணவர்களுக்காக மைசூரில் இலவச உணவு விடுதி தொடங்கியது 1941-ல். இன்றைய ஜே.எஸ்.எஸ். கல்வி நிறுவனங்கள் அந்தச் சிறிய தொடக்கத்தோடு இணைந்து வளர்ந்தவை.

இந்த மரபு பழங்கதையாகிவிடவில்லை. மார்ட்டள்ளிப் பகுதியின் கத்தோலிக்கக் குடும்பங்கள் மைசூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஊர்ப் பங்குத்தந்தையிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிப்போய்க் கேட்டால் நகரத்தில் எந்த விடுதியில் இடம் இருக்கிறது என்பதாவது தெரியவரும். மற்றவர்களும் தங்கள் ஊர் மடம், சங்கம், பழைய மாணவர் என்று இருக்கிற கதவுகளை எல்லாம் ஏப்ரல், மே மாதங்களிலேயே தட்டிவிட வேண்டும். கல்லூரிச் சேர்க்கை முடியும்வரை காத்திருந்தால் இடங்கள் நிரம்பியிருக்கும்.

பி.ஜி.யா, வீடா?

விடுதி இல்லை என்றான பின் இருக்கும் வழிகள் இரண்டு: சாப்பாட்டோடு பி.ஜி. எனப்படும் ‘பேயிங் கெஸ்ட்’ விடுதி, அல்லது நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் வீடு. ‘நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தா மலிவு’ என்று சீனியர்கள் சொல்வார்கள். சொல்வது பாதி உண்மை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் கணக்குப் பழகுவதற்காகத் தரப்பட்டவை. அவரவர் விசாரித்த தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டு வாடகை 12,000 ரூபாய், நான்கு பேர். அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, 60,000 ரூபாய். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. ஆளுக்குப் பிரித்தால் அட்வான்ஸ் 15,000, கமிஷன் 3,000, முதல் வாடகை 3,000, மெத்தை, அடுப்பு, பாத்திரம் வகையில் 4,000. கூட்டினால் முதல் மாதத்தில் ஆளுக்கு 25,000 ரூபாய், சாப்பாடு தனி. அதே மாதம் 6,500 ரூபாய்க்குச் சாப்பாட்டோடு பி.ஜி.யில் சேர்ந்து, ஒரு மாதத் தொகை அட்வான்ஸ் கொடுத்தால் 13,000 ரூபாயில் வேலை முடிகிறது.

இனி முழு ஆண்டுக்கும் பார்க்கலாம். வீட்டில் பதினோரு மாத வாடகைப் பங்கு 33,000. கரண்ட், தண்ணீர், இணையம் மாதம் 500 வீதம் 5,500. பத்து மாதச் சாப்பாடு மாதம் 3,000 வீதம் 30,000. கமிஷனும் சாமானும் 7,000. காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகை பிடித்தால் அதில் பங்கு 3,000. மொத்தம் 78,500 ரூபாய். பி.ஜி.யில் பத்து மாதத்துக்கு 65,000. அட்வான்ஸில் 1,500 பிடித்தாலும் 66,500. முதல் ஆண்டில் வீடு ஆளுக்கு 12,000 ரூபாய் கூடுதல்.

இரண்டாம் ஆண்டில் நிலைமை மாறுகிறது. கமிஷன் இல்லை, சாமான் இருக்கிறது. ஊரிலிருந்து அரிசி, பருப்பு கொண்டுவந்து வீட்டிலேயே சமைத்துச் சாப்பாட்டுச் செலவை 2,000-க்குக் கொண்டுவந்தால் வாடகை 36,000, மற்றவை 6,000, சாப்பாடு 20,000 என்று 62,000 ரூபாயில் ஆண்டு ஓடிவிடும். அதாவது வீட்டின் லாபம் அங்கேயே நீடித்துத் தங்கி, சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான். நடுவில் ஒருவர் விலகினால் அவர் பங்கும் மற்ற மூவர் தலையில் விழும். இன்னும் நண்பர்களே அமையாத முதலாண்டு மாணவர், வகுப்பில் பழகாத மூவரோடு 60,000 ரூபாய் அட்வான்ஸில் இறங்குவது சரியான முடிவாகாது.

எனவே பெரும்பாலோருக்கு ஒத்துவரும் வரிசை இதுதான்: முதல் ஆண்டு விடுதி அல்லது பி.ஜி.; அதற்குள் ஒத்துப்போகும் நண்பர்களையும் நல்ல தெருவையும் கண்டுபிடித்து, இரண்டாம் ஆண்டில் வீடு.

எந்தப் பக்கம் தேடுவது

மைசூர் பெரிய நகரம்தான், ஆனால் பெங்களூரைப் போலப் பரந்ததில்லை. கல்லூரியைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் தேடத் தொடங்குவதே நல்லது.

மகாராஜா கல்லூரி, யுவராஜா கல்லூரி ஆகியவற்றில் சேருபவர்களுக்குச் சாமராஜபுரம், லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம், அக்ரஹாரம் பகுதிகள் பக்கம். பழைய பகுதிகள் என்பதால் வீட்டுக்காரர் கீழே இருந்துகொண்டு மாடியில் ஓர் அறையை மட்டும் விடுவது இங்கே உண்டு. மானசகங்கோத்ரி வளாகத்துக்கும் அதை ஒட்டிய எஸ்.ஜே.சி.இ. பொறியியல் கல்லூரிக்கும் சரஸ்வதிபுரம், ஜெயலட்சுமிபுரம், போகாதி. என்.ஐ.இ. பொறியியல் கல்லூரி மானந்தவாடி சாலையில் இருப்பதால் அதற்கு வித்யாரண்யபுரம், ஜே.பி. நகர்ப் பக்கம். பிலோமினா கல்லூரிக்குப் பன்னிமண்டபம் சுற்றுவட்டாரம். வித்யாவர்தகா கல்லூரி இருக்கும் கோகுலத்தில் யோகா கற்க வரும் வெளிநாட்டவர்கள் மாதக்கணக்கில் வீடு எடுக்கிறார்கள். அவர்களோடு வாடகையில் போட்டி போட முடியாத மாணவர் ஒன்டிகொப்பல், விஜயநகர் பக்கமும் பார்க்கலாம்.

ஊருக்கு வெளியே, ரிங் ரோட்டைத் தாண்டி வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்று போவோர் பஸ் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாதத்தில் பத்து நாள் ஆட்டோ பிடித்தால் அந்த ஆயிரம் காணாமல் போகும். மாணவர் பஸ் பாஸுக்குச் சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு 2023 ஜூன் 11 முதல் ‘சக்தி’ திட்டத்தில் சாதாரண அரசுப் பேருந்துகளில் பயணம் இலவசம். நகரப் பேருந்துக்கும் பொருந்தும், ஊருக்குப் போகும் மாதேஸ்வரன் மலைப் பேருந்துக்கும் பொருந்தும். ஆகவே இந்தக் கரைப் பெண்களுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் அறையும் கட்டுப்படியாகும். அடையாள அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும், அவ்வளவே.

வாசலில் நடக்கும் விசாரணை

இணையத்தில் தேடுவதைவிடத் தெருவில் நடப்பது மைசூரில் பலன் தரும். கேட்டில் தொங்கும் ‘டு-லெட்’ அட்டை, கன்னடத்தில் ‘மனெ பாடிகெகெ இதெ’ என்ற அறிவிப்பு, பெட்டிக்கடைக்காரரின் வாய்ச்சொல் ஆகிய மூன்றிலும் புரோக்கர் கமிஷன் கிடையாது.

கேட்டைத் தட்டினால் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். ‘யாவ ஊரு?’ என்று வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் தொடங்குவார். ‘பாலாறுங்கம்மா, மாதேஸ்வரன் மலை தாண்டி’ என்றால் முகம் கொஞ்சம் இளகும். மலைத்தெய்வம் மாதப்பன் பெயருக்கு அந்த மரியாதை உண்டு. அடுத்து எந்தக் கல்லூரி, எத்தனை பேர், வெஜ்ஜா நான்-வெஜ்ஜா, இரவு எத்தனை மணிக்கு வருவீர்கள். அப்பாவோ அம்மாவோ கூட வந்திருந்தால் பேச்சு சுமுகமாக முடிகிறது. கல்லூரிச் சேர்க்கை ரசீதும் ஆதார் நகலும் கையில் இருப்பது நல்லது.

அதே வாசலில் மாணவர் கேட்க வேண்டியவை வேறு. தண்ணீர் காவிரியா, போரா? கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் யார் காசு? கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா? பி.ஜி. என்றால் விடுமுறை மாதங்களுக்கும் பணம் கட்ட வேண்டுமா, அட்வான்ஸில் எவ்வளவு திரும்ப வரும், சாப்பாட்டில் மதியத்துக்குக் கட்டிக் கொடுப்பார்களா? அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு மாணவரிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசினால் இவற்றில் பாதிக்கு உண்மையான பதில் கிடைக்கும்.

அறை நெருக்கடியை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. பெங்களூர் மாநகராட்சி 2024 ஆகஸ்டில் பி.ஜி.களுக்கு வெளியிட்ட விதிகளில், ஒருவருக்குக் குறைந்தது 70 சதுர அடி இடமும் நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீரும் தர வேண்டும், சமையல் நடந்தால் உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும் என்று இருக்கிறது. அவை பெங்களூருக்கான விதிகள் என்றாலும், மைசூரில் பத்துக்குப் பத்து அறையில் மூன்று கட்டில் போட்டிருப்பவரிடம் பேரம் பேச இந்த அளவு உதவும். நூறு சதுர அடி, மூவருக்குப் போதாது.

பில்லில் ஜி.எஸ்.டி. என்று தனியாகச் சேர்த்தால் கேட்கலாம். 2024 ஜூலை 15 முதல், மாதம் ஆளுக்கு 20,000 ரூபாய்க்கு மிகாத, தொடர்ந்து 90 நாளாவது தங்கும் விடுதிச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு.

சாதி, மதம், உணவு காரணமாக மறுக்கும் வாசல்களும் இருக்கின்றன. டெல்லி சுற்றுவட்டாரத்தில் சுகதேவ் தோரட் குழுவினர் செய்து 2015-ல் வெளியான ஆய்வு, தலித், முஸ்லிம் பெயரோடு வீடு கேட்டவர்கள் எப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதை ஆவணப்படுத்தியது. அப்படி மறுக்கப்படுவது மாணவரின் குறையன்று. நேரம் வீணாகாமல் இருக்கக் கல்லூரியின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவை அணுகி, முன்பு தங்கியவர்களின் முகவரி வாங்கித் தேடுவது நடைமுறையில் பயன் தருகிறது. சீனியர்கள் காலி செய்யும் அறைக்கு நேரடியாகப் போவதில் இந்தச் சிக்கல் குறைவு.

நேரில் பார்க்காத அறைக்கு ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் டியூட்டி, டோக்கன் போடுங்கள், சாவி அனுப்புகிறேன்’ என்று அடையாள அட்டைப் படத்தோடு பேசும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

ஒப்பந்தம், அட்வான்ஸ்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் பலருக்கு வயது பதினேழு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே ஒப்பந்தம் பெற்றோர் பெயரில் இருக்க வேண்டும். மாணவர் தங்குபவராகக் குறிப்பிடப்பட வேண்டும். மகன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விட்டுவிட்டால், அட்வான்ஸ் தகராறு வரும்போது காகிதத்துக்கு மதிப்பு இருக்காது.

ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு எழுதப்படுவதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதுதான். பதினோரு மாதம் முடிந்ததும் புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு ஏறும் என்பதை இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

அட்வான்ஸ் எவ்வளவு என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் வழக்கம் வேறு. 2021-ல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் வேண்டாம் என்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாதம் என்கிறது. மைசூரில் இருவரும் பேசி முடிப்பதே நடைமுறை. எனவே பேச வேண்டும். ‘அட்வான்ஸைக் குறைங்கள், வாடகை மாதம் 300 கூட்டித் தருகிறோம்’ என்ற பேரம் கையில் மொத்தப் பணம் இல்லாத குடும்பத்துக்கு ஏற்றது. மேலே போட்ட கணக்கில், மாதம் 300 கூட்டி அட்வான்ஸை மூன்று மாதமாக்கினால் முதல் மாதச் சுமை ஆளுக்கு ஏறக்குறைய 6,000 ரூபாய் குறையும். ஆண்டு முழுதும் கூடுதலாகக் கொடுப்பது ஆளுக்கு 825 ரூபாய்தான். வெளியில் ஆறாயிரம் கடன் வாங்கினால் வட்டி அதைவிடக் கூடுதலாகிவிடும்.

மைசூரில் ‘போக்ய’ அல்லது ‘லீஸ்’ என்று இரண்டு, மூன்று லட்சம் மொத்தமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, முடியும்போது முழுதாகத் திரும்பப் பெறும் முறையும் உண்டு. நம் பக்கம் போக்கியம் என்பது இதுவே. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து அது ஏலத்துக்குப் போனால் பணம் சிக்கிக்கொள்ளும். முதலாண்டு மாணவருக்கு இது வேண்டாம்.

அட்வான்ஸை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோதான் கொடுக்க வேண்டும். ரொக்கம் என்றால் ரசீது. காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, பெயின்ட் பிடித்தம் எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்ற மூன்று வரிகள் ஒப்பந்தத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. சாவி வாங்கிய அன்றே சுவரின் ஈரக்கறை, உடைந்த தாழ்ப்பாள், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிட்டால், தேதியோடு சாட்சி தயார்.

கரண்ட், கேஸ், சாப்பாடு

கர்நாடகத்தில் 2023 ஆகஸ்ட் முதல் ‘கிருஹ ஜோதி’ திட்டத்தில் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம். வாடகைக்கு இருப்பவர்களும் தகுதியுள்ளவர்கள். ஆனால் 200 யூனிட்டும் எல்லாருக்கும் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த மீட்டரின் பழைய சராசரியோடு பத்து விழுக்காடு சேர்த்த அளவுதான் பொதுவாக இலவசம். அதற்கு மேல் ஓடியதற்குப் பணம் உண்டு. மொத்தம் 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும்.

நான்கு மாணவர்கள் உள்ள வீட்டில் இந்த எல்லையைத் தொடுவது எளிது. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு தினம் ஒன்றரை மணி நேரம் ஓடினால் மாதம் 90 யூனிட். அதே அளவு கீசர் தினம் ஒரு மணி நேரம் என்றால் 60 யூனிட். விசிறி, விளக்கு, லேப்டாப் இன்னும் வரவில்லை. வீட்டை முடிக்கும்போதே மீட்டரின் ஆர்.ஆர். நம்பரைக் கேட்டு, பழைய குடித்தனக்காரரின் ஆதார் இணைப்பு நீக்கப்பட்டதா என்று பார்த்து, தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மீட்டரே இல்லாமல் ‘மாசம் ஆளுக்கு 300 கரண்டுக்கு’ என்று வாங்கும் வீட்டில் இந்தச் சலுகை மாணவர் கைக்கு வராது.

சமையலுக்கு, முகவரிச் சான்று இல்லாமல் ஓர் அடையாள அட்டையைக் காட்டியே ஐந்து கிலோ சிறிய சிலிண்டர் வாங்கலாம். இண்டேனில் இதற்குச் ‘சோட்டு’ என்று பெயர். கறுப்புச் சந்தை சிலிண்டரும் வேண்டாம், கடையில் ரீஃபில் செய்யும் ஆபத்தும் வேண்டாம்.

மாதக் கடைசியில் கை கடிக்கும் நாட்களுக்கு இந்திரா கேன்டீன்: காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், மதியமும் இரவும் 10 ரூபாய் என்ற விலையில் தொடங்கப்பட்டவை. எது கல்லூரிக்குப் பக்கம் என்று சேர்ந்த வாரத்திலேயே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வருமானம் தேடுபவர்களுக்கு மைசூரில் வீட்டுப்பாட டியூஷன் நல்ல வழி. பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவே பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்தபோது ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் தன் செலவைப் பார்த்துக்கொண்டார். தமிழும் கன்னடமும் ஒருசேரப் பேசும் எல்லைப்புற மாணவருக்கு, வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கன்னடப் பாடம் சொல்லித்தரும் வாய்ப்பு உண்டு. முதல் செமஸ்டர் முடியும்வரை வாரத்தில் மூன்று மாலைகளுக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கல்விக் கடன் வாங்குவோர், விண்ணப்பத்தோடு கொடுக்கும் செலவு மதிப்பீட்டில் தங்கும் செலவையும் சேர்க்க முடியுமா என்று வங்கியில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கடன் அனுமதியான பின் சேர்ப்பது கடினம்.

வெளியில் தங்கினாலும் ராகிங் தடை கூடவே வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகள் வளாகத்துக்கு வெளியே நடப்பவற்றுக்கும் பொருந்தும். சீனியர்கள் அறையில் வந்து தொல்லை கொடுத்தால் 1800-180-5522 என்ற இலவச எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது.

பிப்ரவரியில் எடுக்க வேண்டிய முடிவு

இரண்டாம் ஆண்டுக்கான வேலை, முதலாண்டுத் தேர்வுக்கு முன்பே தொடங்குகிறது. காலி செய்யப்போகும் சீனியர்களின் வீடு எது என்று பிப்ரவரியில் கேட்டுவைத்தால் அட்வான்ஸையும் பழைய வாடகையையும் பேசி அப்படியே மாற்றிக்கொள்ள முடிகிறது. வீட்டுக்காரருக்கும் வீடு பூட்டிக்கிடக்கும் நஷ்டம் இல்லை. பெயின்ட் பிடித்தமும் சில சமயம் தவிர்க்கப்படுகிறது.

இருக்கும் இடத்தை விடுவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் உள்ளபடி ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வதற்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். பாக்கித் தொகை வங்கிக் கணக்குக்கு வந்த பிறகுதான் சாவி கைமாற வேண்டும். சேர்ந்த அன்று எடுத்த படங்களைச் சாவி கொடுக்கும் நாளில் மீண்டும் திறந்து, அறையோடு ஒப்பிட்டுக் காட்டினால் பிடித்தம் பற்றிய வாக்குவாதம் பெரும்பாலும் வாசலோடு முடிந்துவிடும்.

அரசு விடுதிக்கு இரண்டாம் ஆண்டிலும் புதிதாக விண்ணப்பிக்கலாம். சீனியர்கள் படிப்பை முடித்து வெளியேறும்போது இடங்கள் திறக்கின்றன. வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனபோதே ‘நாட கச்சேரி’ என்ற வருவாய்த்துறை அலுவலகத்தில் புதுப்பித்து, முதலாண்டு மதிப்பெண் பட்டியலோடு கையில் வைத்திருந்தால், எஸ்.எச்.பி. இணையதளம் திறந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போய்விடும்.